பழுது: இயக்கக் கூடாது

ஐந்து நாள் தொடர்ந்து தூங்குவது என்று தீர்மானித்தேன்.

என் வாழ்க்கையில் நானாக எடுத்த தீர்மானங்களில் இதுதான் பெரியது. கல்யாணம் இதைவிடப் பெரியதுதான். ஆனால் அந்தத் தீர்மானம் என்னுடையது அல்ல.

எங்களுக்குத் தையல் சாமான் கடை. பொத்தான், ஜிப், நூல், லேஸ், எலாஸ்டிக், கோட்டுக்கு லைனிங் வைக்கும் உள்துணி. பத்தொன்பது வருஷமாகக் காலை எட்டு மணிக்குக் கடையின் ஷட்டரைத் தூக்குவது நான். இரவு எட்டு மணிக்கு அதை இழுத்து மூடுவது என் மனைவி. நடுவில் உள்ள பன்னிரண்டு மணி நேரமும் அவள் வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்திருப்பாள், நான் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். மேல் தட்டில் இருக்கும் பொத்தானைத்தான் ஜனங்கள் கேட்பார்கள். கீழ்த் தட்டில் உள்ளதை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கடையில் ஊக்கு எந்த அளவிலும் கிடைக்கும். ஊக்கம்தான் எனக்கு இருப்பில் இல்லை.

லீவு பற்றி அவளிடம் அவ்வப்போது நூல் விட்டுப் பார்ப்பேன். நூல் கடைக்காரனுக்கு அதில் சிரமம் இல்லை. கடைசியாக விட்டது போன மாதம்.

“ரெண்டு நாள் கடையை மூடினா என்ன?”

“மூடியிருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?”

“மூடியிருக்குன்னு நினைப்பாங்க.”

“அதைத்தான் வேண்டாம்கறேன்.”

அதோடு நூல் அறுந்தது.

அந்தச் சமயத்தில்தான் தொழிலிடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து எங்கள் தெருவில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. நான்கு பக்கம். தலைப்பு, ‘வணிக இடங்களில் உள்ள சுருள் ஷட்டர்களின் பராமரிப்பு: உரிமையாளரின் கடமைகள்’. கடமை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவியோடு படித்துக்கொண்டே போனேன். ஷட்டர் என்பது வெறும் கதவு அல்ல, தலைக்கு மேலே சுருண்டு தொங்கும் இரும்புப் பாரம் என்றார்கள். வருஷத்துக்கு ஒரு முறை தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு அதைச் சோதிக்க வேண்டும். மாதம் ஒரு முறை கடையின் பொறுப்பாளர் அதைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்றாம் பக்கத்தில், ஐந்தாவது விதியில், என் கொட்டாவி பாதியில் நின்றது.

‘குறை எதுவும் தென்பட்டால், தகுதி பெற்றவர் சோதித்துச் சரிசெய்து கையெழுத்திடும் வரை ஷட்டரை இயக்கக் கூடாது.’

இயக்கக் கூடாது. என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு இனிமையாக எதையும் எழுதியதில்லை. லீவு என்று கேட்டால்தானே பிரச்சினை? இது லீவு இல்லை. சட்டம். சட்டத்தைக் கேட்டு நடக்கும் கணவனை எந்த மனைவி குறை சொல்ல முடியும்?

ஒரு பதிவேடு வாங்கினேன். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போலக் கடைக்குப் போனேன். ஷட்டரைத் தொடவில்லை. அதன் முன்னால் நின்றபடியே பதிவேட்டைத் திறந்து, ‘சத்தம் சரியில்லை, அசைவும் சரியில்லை’ என்று எழுதினேன். எந்த இடத்தில், என்ன சத்தம் என்றெல்லாம் இல்லை. பொத்தான் கடைக்காரன், பொத்தாம்பொதுவாக எழுதினேன். ஒரு அட்டையில் சிவப்பு மையால் ‘பழுது: இயக்கக் கூடாது’ என்று எழுதிப் பூட்டில் கட்டினேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எட்டே காலுக்கு வீடு திரும்பினேன்.

மனைவி சமையலறையில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஷட்டர் மெக்கானிக் ஊரில் இல்லை, வெள்ளிக்கிழமைதான் வருகிறாராம் என்றும் சொன்னேன். அவருக்குத் தெருவில் ஏணிக்காரர் என்று பெயர். தோளில் ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை. விரல் விட்டு எண்ணித்தான் சொன்னேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான்கு பக்கத்தையும் படித்தாள். மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். கோபப்படவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கோட்டை விட்டேன்.

“ஷட்டரைத்தானே இயக்கக் கூடாது?” என்றாள்.

“ஆமா.”

“சரி. நீங்க படுங்க.”

பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயால் அந்தச் சொல்லைக் காலை நேரத்தில் கேட்டது அதுதான் முதல் முறை. போய்ப் படுத்தேன். ஷட்டர் மாதிரியே சுருண்டு படுத்தேன். என்ன தூக்கம் என்கிறீர்கள். கனவு இல்லை, புரளல் இல்லை, ஏணி இல்லை.

பத்தரை மணிக்கு யாரோ என் காலைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால், கட்டிலின் கால்மாட்டில் ஒரு தையல்காரர் நிற்கிறார். கழுத்தில் அளவு நாடா. என்னை அளவெடுக்க வந்துவிட்டாரோ என்று காலை மடக்கிக்கொண்டேன்.

“முட்டி எப்படி இருக்கு அண்ணே?” என்று கேட்டார்.

முட்டிக்கு என்ன என்று எனக்குப் புரியவில்லை. பரவாயில்லை என்றேன். அவர் எட்டங்குல ஜிப் ஒரு டஜன் கேட்டார். இது வீடு, கடை மூடியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அறையின் மறுபக்கம் கண்ணில் பட்டது.

அட்டைப் பெட்டிகள். வாசலிலிருந்து கூடம் வரை, கூடத்திலிருந்து படுக்கையறை வரை. சாப்பாட்டு மேஜையில் நூல் கண்டுகள் நிறவாரியாக உட்கார்ந்திருந்தன. ஜன்னல் கம்பியில் லேஸ் தொங்கியது. சோபாவில் பொத்தான் பெட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. கட்டிலில் எனக்குப் பக்கத்தில் ஜிப்புகள் படுத்திருந்தன, அளவுப்படி. என்னைவிட அவை ஒழுங்காகப் படுத்திருந்தன.

கடைக்கு ஒரு பின்கதவு உண்டு. பன்னிரண்டு வருஷமாகக் காலிப் பெட்டிகளை அதன் முன்னால் நான் அடுக்கி வைத்ததில், அப்படி ஒரு கதவு இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. அரை மணி நேரத்தில் பெட்டிகளை அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு சின்ன வேனைப் பிடித்து, வேகமாக விற்கும் சரக்கில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தெரிந்த தையல்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள்.

“இது சட்டப்படி சரியா?” என்று கேட்டேன்.

“நாலு பக்கமும் படிச்சேன். ஷட்டரை இயக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. உங்களை இயக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல.”

மீதிச் சரக்கைப் பின்கதவு வழியாக எடுத்துவர வேண்டும், வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம்தான் வந்தாள். கையில் ஒரே ஒரு எலாஸ்டிக் சுருள் இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. காலை எட்டரைக்குக் கிளம்புவாள், மீதிச் சரக்கு என்பாள், இருட்டும் நேரத்தில் திரும்புவாள். நான் வீட்டில் தனியாக வியாபாரம். கடையிலாவது மேஜை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஜனங்கள் ஒரு பக்கம். இங்கே எல்லோரும் எல்லாப் பக்கமும். குளித்துவிட்டுத் துண்டோடு வந்தால் கூடத்தில் இரண்டு பேர் பொத்தான் பொருத்தம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருவர் கையை நீட்டி, இந்த ஊதா இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகக் கிடைக்குமா என்பார். ஒரு அம்மா பதினெட்டு மீட்டர் லேஸ் கேட்டார். லேஸ் அளப்பது லேசான வேலை இல்லை. ஒன்பதாவது மீட்டரில் இன்னொருவர் வந்து முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கணக்கு விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

வருகிற எல்லோரும் என் முட்டியை விசாரித்தார்கள். சிலர் குனிந்தும் பார்த்தார்கள். ஒருவர் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் என் முட்டிமேல் அக்கறை கொண்டதன் மர்மம் எனக்கு விளங்கவில்லை. கேட்க அலுப்பாக இருந்தது. பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் உண்மையை ஒப்புக்கொண்டேன், எனக்குள்ளேயே. பத்தொன்பது வருஷத்தில் நான் இவ்வளவு களைத்ததில்லை. கடையில் மதியம் மூன்று மணிக்கு ஏணியின் மூன்றாவது படியில் சாய்ந்தபடி பத்து நிமிஷம் கண்ணயர்வேன். வீட்டில் அதற்கும் வழியில்லை. வெள்ளிக்கிழமை எப்போது வரும், ஷட்டரை எப்போது தூக்குவேன் என்று ஏங்க ஆரம்பித்துவிட்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கோட்டு தைக்கிற ஒருவர் வந்தார். எங்கள் கடைக்குப் புதிது. உள்துணி வேண்டும், கருநீலம் என்றார். நான் எடுத்துக்கொடுக்கும்போது அவர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கடையிலதான் கேட்டேன். கருநீலம் மட்டும் வீட்டுல இருக்கு, அங்க போங்கன்னு அண்ணி அனுப்பினாங்க.”

“எந்தக் கடையில?”

“உங்க கடையிலதான் அண்ணே.”

“என் கடை மூடியிருக்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் முட்டியைப் பார்த்தார். பிறகு, நோய் முட்டியோடு நிற்கவில்லை என்பதுபோல என் தலையைப் பார்த்தார்.

அவரையே வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். முட்டி நன்றாக ஓடியது.

எங்கள் ஷட்டர் மேலே சுருண்டிருந்தது. புதுசு மாதிரி கிரீஸ் மினுமினுத்தது. விளக்கு எரிந்தது. மேஜையில் என் மனைவி உட்கார்ந்து யாருக்கோ ஊக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். ஊரில் இல்லாத ஏணிக்காரர் பக்கத்துச் செருப்புக் கடை வாசலில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை நான் சுருண்டு படுத்த ஐந்தாவது நிமிஷம் அவள் அவருக்குப் போன் செய்திருக்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறீர்களாமே என்று கேட்டிருக்கிறாள். உங்கள் பின்தெருவில்தான், அண்ணி, ஏணி மேல் நிற்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானமே வந்து பார்த்து, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வேலையை முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்போதிலிருந்து கடை திறந்தே இருக்கிறது. வீட்டில் ஏன் நான் வியாபாரம் செய்கிறேன் என்று கேட்டவர்களிடம், அவருக்கு முட்டிவலி, கடை வரை நடக்க முடியவில்லை, கடை பற்றிப் பேசினால் கவலைப்படுவார், பேசாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். தெரு முழுக்க மூன்று நாள் அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது. புதிதாக வந்த கோட்டுக்காரர் ஒருவருக்குத்தான், கடை பற்றிப் பேசக் கூடாது என்பது தெரியாமல் போய்விட்டது.

நியாயமாக நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படப்போனேன். அதற்குள் ஏணிக்காரர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

“எதை?”

மனைவி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே துருப்பிடித்த போல்ட்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக. ஏணிக்காரர் விளக்கினார். ஷட்டர் முழுவதும் மேலே ஒரு தண்டில் சுருளுகிறது. அந்தத் தண்டின் ஒவ்வொரு முனையையும் சுவரோடு பிடித்துக்கொண்டிருப்பது நான்கு போல்ட். மேஜைப் பக்கம் இருந்த நான்கில் இரண்டு முறிந்து கிடந்தன. மூன்றாவது போல்ட் கையால் உருவினாலே வந்துவிட்டதாம்.

“ஒத்தைப் போல்ட்டுல நின்னுச்சுண்ணே. இன்னும் நாலு தடவை தூக்கி இறக்கியிருந்தா மொத்தமும் கீழதான். மேல்மூடியைக் கழட்டினாத்தான் தெரியும். நீங்க கழட்டாமயே எழுதியிருக்கீங்க. சத்தம் சரியில்ல, அசைவும் சரியில்லன்னு. இருபத்தாறு வருஷமா இந்த வேலை பாக்கறேன், எனக்கே அந்தக் காது இல்ல.”

நான் அந்த மேஜையைப் பார்த்தேன். போல்ட் முறிந்த முனைக்கு நேர் கீழே அவளுடைய நாற்காலி. பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். இரவு எட்டு மணிக்கு எழுந்து, கொக்கிக் கம்பியை மாட்டி, அந்த இரும்பு முழுவதையும் தன் தலைக்கு மேலிருந்து இழுத்து இறக்கியவளும் அவள்தான். போன சனிக்கிழமையும் இறக்கியிருக்கிறாள். நான் நடைபாதையில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

என் முட்டி அப்போது நிஜமாகவே விட்டுப்போனது. கடை ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். தூங்குவதற்காக ஒரு பொய் எழுதினேன். அந்தப் பொய்யை எழுதாமல் அன்றைக்கும் நல்ல பிள்ளையாக ஷட்டரைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஊக்கு வாங்க வந்தவர் போனதும் அவளிடம் போனேன்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றேன்.

“வேண்டாம்.”

“இல்ல, அந்தச் சத்தம்…”

“சொன்னீங்கன்னா கோவப்படணும். சொல்லலன்னா நல்லதா மட்டும் நினைச்சுக்கலாம். எனக்கு அது போதும்.”

பொட்டலத்தை மடித்து மறுபடி இழுப்பறையில் வைத்தாள். திங்கட்கிழமை மத்தியானமே இதைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். அப்போது நான் எட்டங்குல ஜிப் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்கதவுப் பக்கம் போய்க் காலிப் பெட்டிகளைக் கட்டித் தெருவில் கொண்டுபோய்ப் போட்டேன். யாரும் சொல்லாமல் நான் செய்த வேலை அது.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் மனைவியைப் பற்றி நான் இவ்வளவு எழுதிய பிறகும் அப்படி நினைக்கிறேன் பாருங்கள்.

செருப்புக் கடைக்காரர் வந்து கைகுலுக்கினார். மருந்துக் கடைக்காரர் வந்தார். பாத்திரக் கடை அம்மா வந்து, உங்கள் காதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றார். காட்டினேன். தெருவில் இருப்பது முப்பத்தெட்டு ஷட்டர். எல்லாக் கடைக்கும் அதே நான்கு பக்கம் வந்திருக்கிறது. மாதம் ஒரு முறை கண்ணால் பார்த்து, காதால் கேட்டு எழுத வேண்டும். அவர்களுக்கெல்லாம் கண் இருக்கிறது, காது இருக்கிறது. ஆனால் மேல்மூடியைக் கழற்றாமல் முறிந்த போல்ட்டைக் கேட்கும் காது ஒன்றுதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையே வியாபாரிகள் சங்கத்தில் பேசி முடித்துவிட்டார்கள். முப்பத்தெட்டுப் பதிவேட்டிலும் மாதாந்தரச் சோதனை செய்பவர் நான். எனக்கு முட்டிவலி என்பதால் என் சார்பில் சம்மதம் சொன்னது என் மனைவி.

தெருவில் சத்தம் தொடங்குவதற்கு முன்னால் கேட்டால்தான் சரியாகக் கேட்குமாம். அதனால் காலை ஆறு மணி.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஐயா, நான் எதையும் கேட்கவில்லை, தூங்குவதற்காக எழுதினேன் என்று. வாயைத் திறந்தேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, சொல்லுங்கள் பார்ப்போம் என்பதுபோல அமைதியாக என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஐந்தாவது விதி என் வாய்க்கும் பொருந்திவிட்டது.

ஏணிக்காரரிடம் தனியாகப் போய், ஒரு ஷட்டரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டேன். பெரியவர் பணிவாக இருக்கிறார் என்று அவர் நெகிழ்ந்தார். ஷட்டர் ஏறி இறங்கும் பக்கத் தடங்கள், பூட்டு, கீழ்ச்சட்டம், பிடிமானம். மறுநாள் காலையிலேயே பாத்திரக் கடையில் ஒரு தடம் வளைந்திருப்பதை நிஜமாகவே கண்டுபிடித்தேன். அந்த அம்மா கண்கலங்கி நன்றி சொன்னார். எனக்கும் கண் கலங்கியிருந்தது; காலை ஆறு மணிக்கு எனக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், அவள் முப்பத்தெட்டுக் கடைகளுக்கும் நாள்வாரியாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். திங்கள் முதல் சனி வரை நிரம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. என் உடம்பில் எங்கோ ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

“ஞாயித்துக்கிழமை ஷட்டர் இல்லயா?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு எப்படி முடியும்?” என்றாள், தலை நிமிராமல். “ஞாயித்துக்கிழமை தையல்காரங்க எல்லாம் வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்காங்க. கடையைவிட உங்க கட்டில்ல ஜிப் எடுக்கறதுதான் வசதியா இருக்காம்.”